சுன்னாகத்தில் மெயில் நின்ற இரண்டு நிமிடம்

இரவு மெயில் சுன்னாகத்தில் நிற்பது இரண்டு நிமிடம். நேரசூசியில் என்ன போட்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. இது அம்மாவின் கணக்கு. அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஐயாவின் தகரப் பெட்டி ஏற வேண்டும், மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் கட்டிய பொதி ஏற வேண்டும், கறுத்தக்கொழும்பான் கூடை ஏற வேண்டும், கடைசியாக ஐயா ஏற வேண்டும். "பெட்டி ஏறினால் காணும், மனுசன் எப்பிடியும் தொத்திக்கொள்ளும்" என்று பெரியம்மா சொல்லுவா. ஒருதரம் மாறி நடந்தது. ஐயா ஏறிவிட்டார், பெட்டி மேடையில் நின்றுவிட்டது. சித்தப்பா அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் மட்டும் ஆறு மைல் மிதித்தார். அங்கே மெயில் கனநேரம் நிற்கும். மூச்சிரைக்க ஓடிப்போய் யன்னலுக்குள்ளால் பெட்டியைத் தள்ளினாராம். ஐயா அப்போதுதான் பெட்டி இல்லாததைக் கவனித்தார் என்பது சித்தப்பா சாகும்வரை சொன்ன கதை.

ஐயா கொழும்பில் கிளாக்கர். 1938இல் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தவர். 1968இல் நானும் அதே வண்டியில் ஏறினேன். இருவருமாக நாற்பத்தைந்து வருடம் இந்த ஸ்ரேசனில் ஏறி இறங்கியிருக்கிறோம். புகையிரதப் பகுதியில் எங்கள் குடும்பத்தில் எவரும் வேலை பார்த்ததில்லை. மேடையில் நின்றவன் கண்ட சரித்திரம்தான் நான் எழுதக்கூடியது.

சுன்னாகத்துக்கு ரெயில் கொழும்புப் பக்கமிருந்து வரவில்லை, கடற்கரைப் பக்கமிருந்து வந்தது. வடபகுதிப் பாதையில் குடாநாட்டுத் துண்டு முதலில் திறக்கப்பட்டது 1902 மார்ச் 11ஆம் திகதி, காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை, இருபது மைல் சொச்சம். தெற்கே கொழும்போடு அதற்கு ஒரு தொடர்பும் கிடையாது. எஞ்சினும் பெட்டியும் தண்டவாளமும் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்துதான் இறங்கியிருக்க வேண்டும், வேறு வழியில்லை. பிறகு பளை வரை நீண்டது. ஆக, மூன்று வருடத்துக்கு யாழ்ப்பாணத்தார் யாழ்ப்பாணத்துக்குள்ளேயே ரெயில் ஓடினார்கள். காங்கேசன்துறையில் ஏறிப் பளையில் இறங்கித் திரும்பி வருவது. வேலை மினக்கெட்டு வேடிக்கைக்காகப் போய்வந்தவர்களும் உண்டு என்று எங்கள் ஆச்சி சொல்லுவா. அவவின் தகப்பனும் அதில் ஒருவர்.

தெற்கிலிருந்து வந்த பாதை குருநாகலைத் தாண்டி 1904இல் அனுராதபுரத்தை எட்டியது. இரு முனைகளும் வன்னிக் காட்டுக்குள் இணைந்து, கொழும்பிலிருந்து நேரே யாழ்ப்பாணம் வந்த முதல் வண்டி 1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி வந்து சேர்ந்தது. பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேலே பிடித்த பயணம். இன்றைக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும். அதற்கு முந்தி எப்படிப் போனார்கள் என்று கேட்டால் வராது. மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வன்னியை ஊடறுத்து நாட்கணக்காகப் போக வேண்டும். காய்ச்சல் பிடிக்காமல் வந்து சேர்ந்தால் கோயிலுக்குப் பொங்கல் வைப்பார்கள். இல்லையென்றால் காங்கேசன்துறையிலோ ஊர்காவற்றுறையிலோ பருத்தித்துறையிலோ கப்பல் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

வன்னியில் ஏற ஆளில்லை, இறங்க ஊரில்லை, இந்தப் பாதைக்குப் போட்ட முதல் தேறாது என்று வாதாடியவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். வெஸ்ற் றிட்ஜ்வே தேசாதிபதியாக இருந்த காலத்தில்தான் வேலை தொடங்கியது. பாதை வந்தால் வன்னியில் காணி திறக்கும், நெல் விளையும், குடாநாட்டுப் புகையிலை தெற்கே போகும் என்பது மற்றப் பக்கத்து நியாயம். எல்லாரும் சாமானைப் பற்றியே கணக்குப் போட்டிருக்கிறார்கள். மனுசர் இவ்வளவு பேர் ஏறுவார்கள் என்று எவரும் எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை.

எதிர்பார்த்திருக்கலாம். 1816இல் அமெரிக்க மிசன்காரர் தெல்லிப்பழையில் வந்து குந்திய நாளிலிருந்து எங்கள் பகுதியில் இங்கிலிசுப் படிப்பு நடந்துகொண்டிருந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். படித்தவர்கள் கூடினார்கள், அவர்களுக்கு வேலை கொடுக்கக் குடாநாட்டில் இருந்தது தண்ணீர் இறைக்கும் துலாவும் புகையிலைக் கன்றும். எனவே கப்பல் ஏறினார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மலாயாவில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையில் முதல் ரெயில் பாதை 1885இல் திறந்தது. அதற்குப் பிறகு மலாயா ரெயில்வேயில் கிளாக்கர், ஸ்ரேசன் மாஸ்டர் என்று யாழ்ப்பாணத்தார் நிறைந்தார்கள். ஆச்சியின் பெரியப்பாவும் அப்படிப் போனவர். சிக்னல் கொடுத்து வண்டி அனுப்புகிற வேலையை அங்கே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த ஊரில் அப்போது தண்டவாளம் இல்லை. சுன்னாகத்தில் ரெயில் நிற்கிறது என்று இங்கேயிருந்து கடிதம் எழுதினார்களாம். "மேடை எத்தனை அடி நீளம்?" என்று பதில் எழுதிக் கேட்டாராம்.

1905க்குப் பிறகு கப்பலேறத் தேவையில்லாமல் போயிற்று. மாலையில் வீட்டில் சாப்பிட்டுப் புறப்பட்டு, விடிய மருதானையில் முகம் கழுவலாம். கொழும்பில் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து வீடெடுத்து, சமையற்காரன் வைத்துச் சமறி நடத்தினார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். மாதம் முடிய மணிஓடர் வரும். வருடத்துக்கு மூன்று தரம் அரசாங்க உத்தியோகத்தருக்கு இலவச வொறன்ற் உண்டு. தைப்பொங்கலுக்கு ஒன்று, சித்திரை வருடப்பிறப்புக்கு ஒன்று, ஊர்க்கோயில் தேருக்கு ஒன்று என்று ஐயா பங்குபோட்டு வைத்திருப்பார். எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. நான் சிறுவனாக இருந்தபோது அதில் ஏழு வீட்டு ஆம்பிளைகள் கிழமை நாட்களில் ஊரில் இல்லை. பனங்கிழங்கு கிண்ட, வேலி அடைக்க, செத்தவீட்டில் பறைமேளம் பிடிக்க என்று ஆள் தேடுவார்கள். கலியாணத்துக்கு நாள் வைப்பதென்றால் பஞ்சாங்கத்தோடு நேரசூசியையும் பார்ப்பார்கள். சம்பந்தி எந்த மெயிலில் வந்து எந்த மெயிலில் திரும்புவார் என்று தெரியாமல் எப்படி முகூர்த்தம் வைப்பது?

ஸ்ரேசன் பெரிதாக ஒன்றுமில்லை. கல்லுக் கட்டடம், ஓட்டுக் கூரை. ரிக்கற் கொடுக்கும் அறைக்கு ஒரு சின்ன யன்னல். பெரியவர்கள் குனிந்துதான் பேச வேண்டும். பக்கத்தில் ஸ்ரேசன் மாஸ்டரின் கந்தோர். மேடையில் இரண்டு மரவாங்கு, ஒரு தராசு, ஒரு தண்ணீர்ப் பீப்பாய். தள்ளி, சாமான் கொட்டில். இன்னும் தள்ளி, ஸ்ரேசன் மாஸ்டரின் குவாட்டர்ஸ். அதில் ஒரு தேசி மரம். எங்களுக்குத் தெரிந்த ஸ்ரேசன் மாஸ்டர்மார் வந்தார்கள் போனார்கள். தேசிக்காய் ஆய்ந்ததற்கு ஏச்சு வாங்கியது மட்டும் மாறவில்லை.

ரிக்கற் என்பது இரண்டு விரலுக்குள் அடங்கும் மட்டைத் துண்டு. எட்மன்சன் என்ற ஆங்கிலேயர் 1830களில் கண்டுபிடித்த முறை. உலகம் முழுக்கப் பரவி எங்கள் ஊர் யன்னலுக்கும் வந்திருந்தது. ஊருக்கு ஒரு தட்டாக மட்டைகள் அடுக்கியிருக்கும். கீழ் மட்டையை உருவி, திகதி யந்திரத்தின் வாய்க்குள் ஒரு பக்கம் கொடுத்து, 'டக்', மறுபக்கம் கொடுத்து, 'டக்'. அந்த இரண்டாவது டக் கேட்டால்தான் அம்மாவின் முகம் மாறும். அதுவரை ஐயா போகாமல் விடவும் கூடும் என்று நினைத்திருப்பாவோ என்னவோ.

எங்களுக்கு அதைவிடப் பெரிய அதிசயம் டப்லெற். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குடாநாட்டில் பாதை ஒற்றைப் பாதை. போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் ஒரே தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிட்டால் என்ன ஆவது? அதற்குத்தான் டப்லெற். ஸ்ரேசன் மாஸ்டரின் கந்தோரில் ஒரு இரும்புப் பெட்டி, அதில் ஒரு மணி. அடுத்த ஸ்ரேசனில் அதன் சோடி. இங்கே மணியை அடித்தால் அங்கே கேட்கும்; அங்கேயிருந்து பதில் மணி வரும். இரண்டு பக்கமும் இணங்கினால்தான் பெட்டியின் இழுப்பறை திறந்து ஒரு உலோகத் தட்டை வெளியே விடும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது திரும்ப ஏதாவது ஒரு பெட்டிக்குள் போகும் வரையில் இரண்டு பெட்டியிலும் வேறொன்று வராது. அந்தத் தட்டுக் கையில் இல்லாமல் டிறைவர் அடுத்த துண்டுக்குள் வண்டியை விடக் கூடாது. எவ்வளவு பெரிய எஞ்சினானாலும் உள்ளங்கையளவு தட்டுக்குக் கட்டுப்பட்டது.

நிற்கிற வண்டியென்றால் கையில் கொடுப்பார்கள். நிற்காமல் போகும் சாமான் வண்டியென்றால்தான் எங்களுக்குக் கொண்டாட்டம். தட்டைத் தோற்பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் கொழுவி, போர்ட்டர் மேடை நுனியில் கையை உயர்த்திக்கொண்டு நிற்பார். எஞ்சினிலிருந்து ஒரு கரிய கை நீளும். வளையம் அந்தக் கைக்குள் போய் முழங்கையில் சுழலும். அதே வீச்சில் முந்திய துண்டின் வளையம் மேடையில் வந்து விழுந்து உருளும். அதை ஓடிப்போய் எடுத்துக் கொடுக்க எங்களுக்குள் சண்டை. இரவில் வளையத்துக்குப் பக்கத்தில் லாம்பு பிடிப்பார்கள். போர்ட்டரின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தழும்பு இருந்தது. ஒரு தட்டுக்கு ஒரு கோடு என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். நாங்கள் நம்பினோம்.

சாமான் கொட்டிலில் வேறு உலகம். சுன்னாகம் சந்தை குடாநாட்டின் பெரிய சந்தைகளில் ஒன்று. வெங்காயமும் மிளகாயும் கிழங்கும் வாழைக்குலையுமாக வண்டிலும் லொறியும் வந்து நிற்கும். புகையிலைச் சிப்பத்தின் நெடி மேடை வரைக்கும் அடிக்கும். கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கத்துச் சுருட்டுக் கட்டுகளும் இந்தப் பாதையால்தான் தெற்கே போயின. சிங்கள ஊர்களில் யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக் கடை இல்லாத சந்தி குறைவு; அந்தக் கடைகளுக்கெல்லாம் வேர் இங்கே சுருட்டுக் கொட்டிலில் இருந்தது. கொட்டிலில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாகக் குந்தியிருந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் நடுவில் இருந்து பத்திரிகை வாசிப்பார். வாசிப்பவருக்குக் கூலி சுற்றுபவர்கள் தங்களுக்குள் பங்குபோட்டுக் கொடுப்பார்கள். கதைப் புத்தகமும் வாசிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத சுருட்டுத் தொழிலாளி உலக யுத்தத்தைப் பற்றி ஐயாவோடு வாதாடியதை நான் கேட்டிருக்கிறேன்.

பத்திரிகை என்று வந்ததால் இன்னொன்று. நா. பொன்னையா 1930இல் 'ஈழகேசரி'யைத் தொடங்கினார். சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் அச்சாகி 1958 வரை வந்த பத்திரிகை அது. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளோடு தொல்காப்பியத்தைப் பதிப்பித்தவரும் பொன்னையாதான். தமிழ்நாட்டில் பண்டிதர்கள் தேடி வாங்கிய அந்தப் புத்தகங்கள் வெங்காயச் சந்தைக்குப் பக்கத்திலிருந்து போயிருக்கின்றன. இந்தியாவுக்குப் போகவும் இதே தண்டவாளம்தான் வழி. 1914இல் தலைமன்னாருக்குப் பாதை போட்டு, அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் விட்டார்கள். மெயிலில் போய் மதவாச்சியில் இறங்கி மாறினால், சிதம்பரத்துக்குப் போகலாம், சென்னைக்குப் போகலாம். திருவிழாவுக்கு நாதஸ்வரகாரரை அழைத்து வருகிறவர்கள் அந்த வழியால்தான் அழைத்து வந்தார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு அந்த வாசல் பழையபடி இருக்கவில்லை.

1956க்கு வருகிறேன். எனக்கு எட்டு வயது. ஏப்பிரல் 23ஆம் திகதி 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியது. அப்போது ரெயில்வேக்குப் பொது முகாமையாளராக இருந்தவர் பி. டி. றம்பால, வண்டிகளுக்குப் பெயர் வைத்து ஓட விட்டவர் அவர். அதுவரை எங்களுக்கு இரவு மெயிலும் நின்று நின்று போகும் வண்டிகளும்தான். யாழ்தேவி பகல் வண்டி. காலையில் ஏறினால் பிற்பகலில் கொழும்பில் இறங்கலாம். இழுத்தது கரி எஞ்சின் இல்லை, டீசல். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954 தொடக்கம் கொடுத்த எஞ்சின்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கனடா மாகாணம் ஒன்றின் பெயர்: ஒன்ராறியோ, அல்பேட்டா, கியூபெக். "ஒன்ராறியோ எண்டா என்ன ஐயா?" என்று கேட்டேன். "குளிர் நாட்டிலை ஒரு ஊர். எங்களுக்கு அது என்னத்துக்கு?" என்றார். அவருடைய பேரப்பிள்ளைகள் மூன்று பேர் இப்போது ஒன்ராறியோவில் வீடு வாங்கியிருக்கிறார்கள்.

யாழ்தேவி வந்த மாதத்தில்தான் தேர்தலும் நடந்தது. பண்டாரநாயக்கா வென்றார். இரண்டு மாதத்தில் சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அரசாங்கக் கந்தோருக்கு வேகமாகக் கொண்டுபோகும் வண்டி கிடைத்த அதே வருடம், அந்தக் கந்தோரின் கதவு எங்களுக்கு ஒடுங்கத் தொடங்கியது. ஐயா அப்போது இதை இப்படிச் சொல்லவில்லை. "இனிச் சிங்களம் படிக்க வேணும்" என்று மட்டும் சொன்னார். சமறியில் ஒரு பிக்குவிடம் மூன்று மாதம் படித்துவிட்டு விட்டுவிட்டார். 1968இல் நான் சேர்ந்தபோது சிங்களப் பரீட்சை தேறாவிட்டால் சம்பள உயர்வு இல்லை. இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் தேறினேன். மெயிலின் மேல் தட்டில் படுத்தபடி சிங்கள இலக்கணம் பாடமாக்கிய எங்கள் ஆட்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தார்கள்.

மெயிலில் ஒரு பெட்டி ஓடும் தபாற்கந்தோர். அதன் பக்கத்தில் கடிதம் போட ஒரு வாய் இருக்கும். தபாற் பெட்டி மூடிய பிறகு எழுதிய கடிதத்தை ஸ்ரேசனுக்கு ஓடிப்போய் அதில் போடலாம். ஓடிக்கொண்டே பிரித்து அடுக்குவார்கள். எனக்குக் கலியாணம் பேசி முடிந்த கடிதம் அப்படி வந்ததுதான். அம்மா இரவோடிரவாக எழுதி, சித்தப்பாவிடம் கொடுத்து, சித்தப்பா ஓடி... சித்தப்பாவின் கால்கள் இந்த ஸ்ரேசனுக்குச் செய்த ஊழியத்துக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம்.

1977 ஓகஸ்டில் அனுராதபுரம் ஸ்ரேசனில் தமிழ்ப் பயணிகளை இறக்கி அடித்தார்கள். நான் அந்த வண்டியில் இல்லை. அடுத்த மாதம் போன வண்டியில் இருந்தேன். அதற்குப் பிறகு இரவு மெயில் அனுராதபுரத்தை நெருங்கும்போது பெட்டிக்குள் பேச்சுத் தானாகக் குறையும். யாரும் சொல்லாமலே யன்னல் பலகையை இறக்குவார்கள். குழந்தை அழுதால் தாய் பாலைக் கொடுப்பாள். வெளியே வடைக்காரன் கூவிக்கொண்டு போவான். ஒருவரும் வாங்க மாட்டார்கள். வண்டி அசைந்து மதவாச்சிப் பக்கம் திரும்பிய பிறகுதான் எவராவது செருமுவார். ஐந்தாறு வருடம் இப்படிப் போய்வந்தோம். ஏன் போனாய் என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். உத்தியோகம், பென்சன். வேறென்ன சொல்வது?

1983 யூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையிலிருந்து அகதி முகாமுக்குப் போனேன். முகாமிலிருந்து கப்பலில் ஏற்றி, காங்கேசன்துறையில் இறக்கினார்கள். 1958இலும் அப்படித்தான் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள் என்று ஐயா சொல்லியிருக்கிறார். முதல் தண்டவாளம் வந்திறங்கிய அதே துறையில் நான் ஒரு சாரத்தோடும் ஒரு கந்தோர்ப் பேனையோடும் வந்து இறங்கினேன். வீட்டுக்கு வந்தபோது அம்மா முதலில் கேட்டது "பெட்டி எங்கை?" என்று. பிறகு மாற்றம் எடுத்து யாழ்ப்பாணத்திலேயே வேலை பார்த்தேன்.

அதற்குப் பிறகும் வண்டி ஓடியது, ஆனால் நொண்டியாக. 1985 சனவரி 19ஆம் திகதி முறிகண்டிப் பக்கத்தில் யாழ்தேவி குண்டு வெடிப்பில் சிக்கியது. படையினர் பலர் இறந்தார்கள். பிறகு சில நாள் ஓடும், பல நாள் ஓடாது. 1990 யூனில் மறுபடி சண்டை தொடங்கியபோது அடியோடு நின்றது. வவுனியா கடைசி ஸ்ரேசன் ஆயிற்று. இங்கே ஒரு வண்டிக்கும் 'இதுதான் கடைசி' என்று தெரிந்திருக்கவில்லை. எவரும் மேடைக்கு வழியனுப்ப வரவில்லை.

பிறகு தண்டவாளம் போயிற்று. பங்கருக்குக் கூரை போடத் தண்டவாளத்தைவிட நல்ல பொருள் கிடையாது. சிலிப்பர் கட்டையும் அப்படியே. சண்டை பிடித்த இரண்டு தரப்பும் கழற்றினார்கள். மிச்சத்தைச் சனமும் எடுத்தது: மாட்டுக் கொட்டிலுக்குத் தூண், கிணற்றுக்குக் குறுக்கே வளை. விறகுக்குத் தட்டுப்பாடான காலத்தில் சிலிப்பர் கட்டை அடுப்புக்குள் போனது. எண்ணெய் ஊறிய கட்டை, புகை கண்ணைக் கரிக்கும். தெல்லிப்பழைக்கு வடக்கே பாதை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் மறைந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பாதை போன மேடு மட்டும் மிஞ்சியது. அதில் எருக்கலையும் நாயுண்ணியும் முளைத்தன, வடலி எழும்பியது. ஒற்றையடிப் பாதையாக்கிச் சைக்கிள் ஓடினார்கள். வீடிழந்து வந்தவர்கள் கிடுகுக் கொட்டில் போட்டுக்கொண்டார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். அரைவாசி வழியில் அம்மா "ரெயில் இருந்தால் சாவகச்சேரிக்கு ஒரு ரிக்கற்" என்றா. அவவுக்கு எண்பது வயதுக்குக் கிட்ட.

ஐயாவின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒழுங்கை முடிவில் கடவை. வண்டி நின்று, தண்டவாளமும் போய், சிக்னல் கம்பமும் போன பிறகும், ஐயா அந்த இடத்தில் சைக்கிளால் இறங்குவார். வலப்பக்கம் பார்ப்பார், இடப்பக்கம் பார்ப்பார், உருட்டிக்கொண்டு கடப்பார், மறுபக்கத்தில் ஏறுவார். பின்னால் வருகிற பெடியன்கள் சிரிப்பார்கள். 1998இல் அவர் சாகும்வரை ஒரு நாளும் அதில் ஏறி ஓடவில்லை.

இதை இவ்வளவு நினைப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியக் கடனுதவியில் இர்க்கொன் நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்டது. பளைக்கு 2014 மார்ச்சில் வண்டி வந்தது, யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபர் 13இல், காங்கேசன்துறைக்கு 2015 சனவரி 2இல். மரச் சிலிப்பர் இல்லை, கொங்கிறீற். வண்டி முந்தியைவிட வேகம், சத்தம் குறைவு. ஆனால் இருபத்தைந்து வருடத்தில் ஒரு தலைமுறை ரெயில் என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்துவிட்டது. காதில் இயர்போனோடு கடவையைக் கடக்கிறார்கள். காவல் இல்லாத கடவைகளில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வானும் அடிபட்டன. வருடத்துக்கு வருடம் உயிர் போகிறது. மணி போடு, படலை போடு என்று ஊர் கேட்பது நியாயம். அதோடு, ஐயாவைப்போல இறங்கிப் பார்க்கவும் யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

முதல் வண்டி வந்த அந்தச் சனவரியில் நான் ஸ்ரேசனுக்குப் போனேன். புதுக் கட்டடம், புதுப் பெயின்ற், மூன்று மொழியில் பெயர்ப்பலகை. சனம் வெடி கொளுத்தியது. பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி எஞ்சினுக்குக் கற்பூரம் காட்டினா. வண்டி நின்றது. என்னை அறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை, விசில் ஊதிவிட்டார்கள். மேடையில் எவரும் பெட்டி தூக்கிக்கொண்டு ஓடவில்லை. கொழும்புக்கு உத்தியோகத்துக்குப் போகிற ஆள் இப்போது எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. போனவர்கள் கட்டுநாயக்காவுக்கு வானில் போனவர்கள். கோடை விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வருகிற பிள்ளைகள் யாழ்தேவியில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். 2019இலிருந்து 'உத்தரதேவி' என்றும் ஒரு வண்டி ஓடுகிறது. பெட்டிகள் சென்னையில் கட்டியவை. நடுவில் தெற்கே பாதை திருத்துகிறோம் என்று மாதக்கணக்கில் நிறுத்தினார்கள், திரும்ப விட்டார்கள்.

பழைய பாதையில் எனக்குத் தெரிய ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேப்பமரக் கொப்பில் சங்கிலி போட்டு ஒன்றரை முழத் தண்டவாளம் தொங்குகிறது. மணி அடிப்பது அதில்தான். நான் படித்தபோதும் அதுதான், செல் விழுந்த நாட்களிலும் அதுதான் அடித்தது. பங்கருக்குக் கொடுக்காமல் யாரோ காப்பாற்றி வைத்திருந்திருக்கிறார்கள். தண்டவாளத்தின் இடுப்பில் செய்த கொம்பனியின் பெயரும் வருடமும் புடைப்பாக இருக்கும். அது முதல் பாதைக்கென்று கப்பலில் வந்ததா, பிறகு மாற்றிப் போட்டதா என்று அதைப் பார்த்தால் சொல்லிவிடலாம். போன வருடம் போய்த் தடவிப் பார்த்தேன். விரலுக்கு ஏதோ எழுத்துத் தட்டுப்படுகிறது, ஆனால் மேலே ஏழெட்டுப் பூச்சுப் பச்சைப் பெயின்ற். சுரண்டிப் பார்க்கட்டுமா என்று அதிபரிடம் கேட்டேன். இப்போதுதான் விளையாட்டுப் போட்டிக்குப் பூசினது ஐயா, நவராத்திரி கழியட்டும் என்றார்.